தாழ்மையாயிருங்கள் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

கோடைக் கூட்டங்களுக்காக நீலகிரிக்கு மலையேறி வரும் ஆயர்களுக்கும் ஊழியர்களுக்கும், அவர்களை அழைத்து வரும் சபைக் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமாரே, அம்மாமாரே,



ஏப்ரல் பிறந்துவிட்டால் சுற்றுலா வண்டிகளோடு உங்கள் வேன்களும் பர்லியார் வளைவுகளில் ஏறத் தொடங்கிவிடுகின்றன. வாலிபர் முகாம், குடும்ப முகாம், ஊழியர் தியானக் கூட்டம் என்று ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள விடுதிகள் நிறைகின்றன. வருகிறவர்கள் வெறுமனே போகக் கூடாது என்று நினைத்து, பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைனுக்கும் ஒரு மாலை வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போகிறீர்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் ஜெபவீட்டின் தகரக் கூரைக்குக் கீழே நல்ல பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம்.

நீங்கள் பெரும்பாலும் எடுப்பது இரண்டே பொருள். ஒன்று தாழ்மை, மற்றொன்று மனிதரை நம்பாமல் தேவனைச் சார்ந்திருத்தல். இரண்டும் வேதத்தின் நடுநரம்பு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் சங்கடம் வேறு. காலையில் விடுதி மண்டபத்தில் டாக்டர்களுக்கும் வங்கி மேலாளர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் சொன்ன அதே பிரசங்கத்தை, குறிப்புத் தாளைக்கூட மாற்றாமல், மாலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடமும் சொல்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன்பு வந்த ஒருவர் (நல்ல மனிதர், பெயர் வேண்டாம்) வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரைப் பற்றிப் பேசினார். கூலி போதவில்லை, வீடு ஒழுகுகிறது என்று முறுமுறுக்காதீர்கள், இருப்பதில் திருப்தியாயிருங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எங்கள் லைனில் எதற்கும் ஆமென் சொல்வார்கள். தூரத்திலிருந்து வந்தவருக்குக் காட்டும் மரியாதை அது. அந்த வாரம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில பெண்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்கவுமில்லை.

இந்தப் பெண்கள் யார் என்று தெரிந்துகொண்டு வந்தால் நன்றாயிருக்கும். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கையில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்றும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்றும் பிரித்தார்கள். மீதம் 1,50,000 பேர் என்ன ஆவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கண்டியிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து வளர்ந்தவர்கள், கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலேறி, இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுக் கழகம் ஆனது. தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் காகிதத்தில் பெயர். தாயகத்தில் அவர்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். 2022-இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று அரசு முடிவெடுத்தபோது, லைன் லைனாகப் பேச்சு அதைப் பற்றியே இருந்தது. என் அம்மா அந்த லைன்களில் ஒன்றில்தான் இறந்தார். நான் அங்கிருந்து படித்து ஆசிரியையாகி வெளியே வந்தவள்.

மேல்வீட்டறையில் நடந்ததை நீங்களே எங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறீர்கள். பந்தியில் தலைமை இடத்தில் இருந்தவர் எழுந்தார், மேலங்கியைக் கழற்றினார், துண்டைக் கட்டினார், குனிந்தார். கழற்ற ஒரு மேலங்கி அவரிடம் இருந்தது. எழுந்துவர ஓர் இடமும் இருந்தது. தாழ்மை அப்படித்தான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். உட்கார இடமே தரப்படாத ஒருத்தியிடம் போய் இடத்தை விட்டிறங்கு என்றால் அவள் எங்கே இறங்குவாள்? அவளிடம் பேச வேதத்தில் வேறு பக்கங்கள் உண்டு. மரியாள் எலிசபெத்தின் வீட்டில் பாடியது ஒன்று. அறுப்பு அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு பணக்காரர்களை எச்சரித்தது இன்னொன்று. எங்கள் ஜெபவீட்டில் யாக்கோபின் அந்த அதிகாரத்தை எடுத்துப் பேசியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. நாக்கை அடக்குவதைப் பற்றி அதே யாக்கோபு சொன்னதை மட்டும் பலமுறை கேட்டாயிற்று.

தாழ்மைக்கு உதாரணம் தேடி நீங்கள் வெளிநாட்டுக் கதைகளுக்குப் போக வேண்டாம். இந்த மலையிலேயே இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீர்கள். நின்று படம் எடுப்பீர்கள். அங்கே சென்னை கவர்னராயிருந்த எல்பின்ஸ்டன் பிரபு ஆசை ஆசையாக ஒரு மாளிகை அமைத்துக்கொண்டார். அவர் 1842-இல் பதவி முடிந்து போன பின், அந்த வீடு கஸமேஜர் என்ற அதிகாரியின் கைக்கு வந்தது. ஜார்ஜ் ஜேம்ஸ் கஸமேஜர் சென்னை மாகாண சிவில் சர்வீசில் உயர்ந்த பொறுப்புகளில் இருந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் ஓய்வு பெற்றால் ஒன்று கப்பலேறுவார்கள், இல்லாவிட்டால் ஊட்டியில் வேட்டையும் விருந்துமாக இருப்பார்கள். இவர் கேத்தியில் குடியேறி, சுற்றியிருந்த படுகர்களுக்காக வேலை தொடங்கவேண்டும் என்று பாசல் மிஷனாரை அழைத்தார். 1846-இல் அந்தப் பணி ஆரம்பித்தது. 1849-இல் அவர் இறந்தபோது தம் சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பணிக்கே எழுதி வைத்திருந்தார். கவர்னர் ஆடம்பரமாக அமைத்த வீட்டில் ஜெர்மன் பேசும் மிஷனெரிகள் குடியிருந்தார்கள்.

சம்பளம் வாங்கின ஆட்சியின் பணம்தானே, அதைக் கொடுத்ததில் என்ன பெரிய தாழ்மை என்று என்னைப் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆட்சியின் பணத்தை வாங்கிய நூற்றுக்கணக்கானவர்கள் இந்த மலையில் பங்களா கட்டினார்கள்; கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலயத்திலும் அந்த ஆட்சியின் கை உண்டு: ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. யானைகளை வைத்து மலையேற்றினார்கள். 1831 ஈஸ்டரில் திறந்த அந்த ஆலயத்தை நானும் நேசிக்கிறேன், அதன் மஞ்சள் சுவரைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனாலும் தோற்றவன் வீட்டு மரத்துக்குக் கீழே முழங்கால்படியிட்டுத் தாழ்மையைப் பற்றிப் பேசுகிறோம் என்ற ஞாபகம் நமக்கு இருக்க வேண்டும்.

கேத்திக்கு வருகிறேன். அங்கே வந்தவர்களில் மெட்ஸ் என்பவர் படுகர் ஊர்களில் ஹட்டி ஹட்டியாக நடந்தார். படுகர்களின் திண்ணையில் உட்கார்ந்து பேசினார், தோடர் மந்துகளுக்கும் போனார், அவர்கள் பேச்சையும் கற்றுக்கொண்டார். படுகர் ஒருவர் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். வேலை தொடங்கிப் பன்னிரண்டு வருடம். இன்றைக்கு மூன்று மாதத்தில் எத்தனை ஆத்துமா என்று அறிக்கை கேட்கும் நம் சங்கங்களில் மெட்ஸுக்கு வேலை நிலைத்திருக்காது. அதற்காக அவரைப் பரிசுத்தவானாக்கிவிட வேண்டாம். இந்த மலையின் குடிகளைப் பற்றி 1856-இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அக்கறையும் உண்டு, மேலேயிருந்து கீழே பார்க்கும் பார்வையும் உண்டு. நடந்து நடந்து கால் தேய்ந்தவருக்கும் பேனாவை எடுத்ததும் அந்தப் பார்வை வந்துவிடுகிறது. நமக்கு வராதா?

எனக்கு அவரைவிடப் பிடித்தவர் ஓர் உபதேசியார். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் 1902 வாக்கில் இங்கே தங்கித் தோடர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1906-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகமெங்கும் மானுடவியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. தோடர்கள் சொன்னதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர்களில் ஒருவர் சாமுவேல். பெண்கள் மிஷன் சங்கம் ஒன்றின் உபதேசியார். மழையிலும் பனியிலும் தோடர் மந்துகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். அவரைப் போன்றவர்கள் இல்லாமல் ரிவர்ஸால் அந்தப் புத்தகத்தை எழுதியிருக்க முடியாது. எருமைக் கொட்டில் எப்படி, பால்மடத்துச் சடங்கு எப்படி, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒவ்வொன்றையும் தோடர் சொல்ல, சாமுவேல் வாங்கி, இங்கிலீஷ்காரர் காதில் போட்டார். தான் ஏற்றுக்கொள்ளாத ஒரு வழிபாட்டை, அதைக் கைக்கொள்கிறவரின் வாயிலிருந்து கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவருக்குச் சொல்வது லேசான வேலையா? ஓர் உபதேசியாருக்கு நடுவில் புகுந்து உபதேசம் பண்ணாமல் இருப்பது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிரசங்கங்களில் சாமுவேல் ஒருநாளும் வந்ததில்லை. அவருக்கு ஆலயத்தில் பளிங்குக் கல்லும் நான் பார்த்ததில்லை.

சார்ந்திருத்தல் என்றால் உங்களுக்கு உடனே ஏமி கார்மைக்கேல் அம்மாள் நினைவுக்கு வருகிறார். வரட்டும். கோடை வெயிலுக்கு ஒதுங்கி ஊட்டிக்கு வந்துபோன மிஷனெரிகளில் அவரும் ஒருவர்தான். டோனாவூரில் அவர் வளர்த்த குழந்தைகள் பெருகியபோதும் பணத்துக்கென்று எவரிடமும் கை நீட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். 1919-இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தார்கள். அதை வாங்கிக்கொள்ளச் சென்னை விழாவுக்கு அவர் போகவில்லை. 1931-இல் விழுந்து கால் முறிந்த பின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து அதில் தாங்கள் அவரை அழைத்த பெயரை மட்டும் பிள்ளைகள் பொறித்தார்கள்.

இவ்வளவும் நீங்கள் சொல்வதுதான். விட்டுவிடும் இரண்டு விஷயங்களை நான் சொல்கிறேன். அவர் கையேந்தவில்லை, ஆனால் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அவற்றை வாசித்தவர்கள் கேளாமலே அனுப்பினார்கள். இதில் கபடம் இருப்பதாக நான் சொல்லவில்லை. எழுதத் தெரிந்தவருக்கும், வாசிக்க ஆளிருந்தவருக்கும் அந்த வழி திறந்திருந்தது என்கிறேன். எங்கள் லைனில் ஒருத்தி மனிதரிடம் கேட்காமல் ஜெபம் மட்டும் செய்தால், அவள் வீடு ஒழுகுவது பக்கத்து லைனுக்கே தெரியாது. இரண்டாவது, தனக்காகக் கேட்காத அந்த அம்மாள் பிள்ளைகளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கோவிலுக்கு விடப்பட இருந்த குழந்தைகளைக் காக்க வழக்குக்கும் சிறைக்கும் துணிந்து நின்றார். அவருடைய சார்ந்திருத்தலில் சண்டையும் இருந்தது.

விசுவாச ஊழியத்துக்கு நம் தமிழ் மண்ணிலேயே அவருக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1810-இல் பிறந்தவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். வெள்ளைக்காரர் கொடுக்க முன்வந்த மாதச் சம்பளத்தை வேண்டாம் என்றவர். சம்பளம் வேண்டாம் என்றதில் தேவனைச் சார்ந்தது பாதி என்றால், தன் சொந்த ஜனங்கள் முன்னால் யாருடைய கூலியாளுமல்லாமல் நிற்க விரும்பியது மறுபாதி என்பது என் எண்ணம். அவருடைய கிறிஸ்தியான்பேட்டையிலிருந்துதான் 1860-இன் எழுப்புதல் பரவியது. தாழ்மையும் நிமிர்ந்த முதுகும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்டும் ஆள் அவர்.

இனி லைனில் சார்ந்திருத்தல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பேருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, நிற்க வேண்டும். போகிற வழியில் காட்டுமாடு நிற்கும். புதருக்குள் கரடி இருக்கும். படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்குமுன் ஒருத்தி வாய்க்குள் முணுமுணுப்பாள். அது நீங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஜெப முறை எதிலும் அடங்காது. சோறாக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே ஒரு டப்பாவில் போடுவாள். அந்தப் பிடியரிசி சேர்ந்து ஞாயிறன்று காணிக்கையாக வரும். 2009 நவம்பரில் மலை சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்களே, அந்த வாரம் பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்கியிருந்தவர்களுக்கு முதல் நாள் கஞ்சி காய்ச்சப் பல இடங்களில் லைன் வீட்டு அரிசி வந்தது. நிவாரணச் சாமான் பிறகுதான் மலையேறியது; பாதை இருந்தால்தானே ஏறும். இந்தப் பெண்களிடம் தேவனைச் சார்ந்திருக்கப் படியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர்களுக்குத் தெரியாதது வேறு. 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்ததும், வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் நிர்வாகத்தின் கடமை என்று அது சொன்னதும், அதைக் கேட்பது முறுமுறுப்பாகாது என்பதும் பலருக்குத் தெரியாது. இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பவுல் பிலிப்பி பட்டணத்தில், அடித்துச் சிறையில் போட்டவர்கள் இரகசியமாய் அனுப்பப் பார்த்தபோது, நாங்கள் ரோமக் குடிகள், அவர்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று அசையாமல் இருந்துவிட்டார். இராத்திரி சிறையில் பாட்டுப் பாடியவர்தான் காலையில் சட்டம் பேசினார். அந்த இராத்திரியைப் பற்றி நூறு பிரசங்கம் உண்டு. காலையைப் பற்றி ஒன்று செய்யுங்களேன்.

தாழ்மைப் பிரசங்கத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் கமிட்டிகள் இருக்கின்றன. நான் உட்பட. பாஸ்டரேட் கமிட்டித் தேர்தல் வந்தால் பஞ்சாயத்துத் தேர்தல் தோற்றுவிடும்; யார் அணி, யார் ஜாதி, யார் கோர்ட்டுக்குப் போவார் என்பதுதான் ஆலயத்து வாசலில் பேச்சு. பெஞ்சுக்கு ஒரு பெயர், மின்விசிறிக்கு ஒரு பெயர், குடிதண்ணீர்த் தொட்டிக்குத் தாத்தா பாட்டி இருவர் பெயரும். சென்ற கோடையில் குன்னூர் பேருந்து நிலையத்துப் பக்கம் கட்டியிருந்த ஒரு பேனரில் ஊழியர் ஒருவரின் படம் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது, அடியில் ‘எளிய ஊழியன்’ என்று எழுதியிருந்தது. என் கூட வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அடக்க என்னால் முடியவில்லை. அடக்க மனமும் இல்லை.

அடுத்த கோடைக்கு வாருங்கள். வரும்போது சிலதைக் கவனித்துக்கொண்டால் போதும். கூட்டத்தை ஐந்து மணிக்கு வைக்காதீர்கள். எடை போட்டு, கொழுந்தை ஏற்றிவிட்டு, குளித்து வர நேரம் வேண்டும். தண்ணீர் விடும் நாளாக இருந்தால் அன்றைக்குக் கூட்டமே வேண்டாம். மூன்று ஒலிபெருக்கி தேவையில்லை, ஜெபவீட்டில் ஐம்பது பேருக்கு மேல் கொள்ளாது. இரவு விடுதிக்குத் திரும்பாமல் ஒரு நாளாவது லைனில் தங்குங்கள். கழிவறை தூரத்தில் இருக்கிறது, டார்ச் எடுத்து வாருங்கள். காலையில் பேருக்குப் போகிறவர்களோடு நிரை வரைக்கும் நடந்து போங்கள், மேஸ்திரியிடம் நான் சொல்லி வைக்கிறேன். பிரசங்கத்துக்கு முன்னால் அவர்களில் ஒருவரைச் சாட்சி சொல்லவிட்டு, நீங்கள் கீழே பாயில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சுருக்கமாய்ப் பேசுவார்கள். முடித்ததும் மைக்கை வாங்கி அதற்கு விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஓய்வு பெற்றவர்களின் வீட்டு விஷயமாக மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீலைக் கூட்டி வர முடியுமானால், மே முதல் வாரத்துக்குள் தெரியப்படுத்துங்கள். உங்கள் முகாம்களில் வக்கீல்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்று கேள்வி. அவருக்கும் சேர்த்துச் சோறாக்கிவிடுகிறோம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற ஆசிரியை, பெண்கள் ஐக்கியச் சங்க உறுப்பினர்,
கோத்தகிரி மலைப் பக்கம்